ரத்துக்கான காரணம்

கல்லூரி ஆபீசில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் எல்லோரும் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். "மேடம், உங்க அனுபவத்தை எங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றீர்கள். போகும்போது வைரவிழா மலர் ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அன்று சாயங்காலமே படித்தேன். வழவழப்பான தாள், கலர் படங்கள், நன்கொடை கொடுத்தவர்களுக்குத் தனிப் பக்கம். கடைசியில் ஆபீஸ் மேனேஜர்களின் பட்டியல் இருந்தது. முதல் ஆள் இருக்கிறார். மூன்றாவது ஆள் இருக்கிறார். இரண்டாவது ஆளைக் காணோம். பதினெட்டு வருடம் அந்த நாற்காலியில் இருந்தவர், ஒரு வரி கூட இல்லாமல் காற்றில் கரைந்துவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் நீங்கள் கேட்டதை நான் எழுதப் போவதில்லை. கோப்பை எப்படி அடுக்குவது, தணிக்கைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் உங்களுக்குத் தானாக வந்துவிடும். நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். அந்த இரண்டாவது ஆளின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். விட்டவர்களே தேடிக் கண்டுபிடித்து அச்சடிக்கட்டும். எங்கே தேட வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். ஆபீசில் நான் ஒருத்திதான் பெண். எனக்கு டி.சி. சீட் கொடுத்திருந்தார்கள். படிப்பை முடித்துப் போகிற பையன்களுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதுவது என் வேலை. எல்லாம் கையால்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அந்த சீட்.

மேனேஜரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். மத்தியானம் சாப்பிட்டு வந்ததும் ஒரு ராகத்தை எடுத்து முணுமுணுக்க ஆரம்பித்தால் மணி நாலு வரை விடமாட்டார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பார். உறையில் முகவரி கோணலாக இருந்தால் முப்பது உறையையும் திரும்ப எழுதச் சொல்வார். போதாததற்குப் பேப்பரைத் தட்டிச் சரிசெய்வதைக் கூடத் தாளத்தோடுதான் செய்வார். எரிச்சலாக வரும்.

ஆனால் அவருடைய லீவு லெட்டர்களைப் பார்த்தபோது ஆளைக் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன். நாமெல்லாம் காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதுவோம். காய்ச்சலுக்கும் அதுதான், சினிமாவுக்கும் அதுதான். அவர் மட்டும் தை மாதம் ஆராதனை சமயத்தில் 'திருவையாற்றில் பாட்டுக் கேட்க' என்று எழுதுவார். மற்ற மாதங்களில் 'நாடக ஒத்திகை' என்று எழுதுவார். ஒரு தடவை, 'நேற்றுக் கேட்ட பாட்டு இன்னும் காதை விட்டுப் போகவில்லை, வந்தாலும் வேலை ஓடாது' என்று எழுதி அனுப்பினார். முதல்வர் தலையில் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

"சார், சொந்த வேலைன்னு போட்டாப் போதாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாட்டு எனக்கு மட்டும் சொந்தமாம்மா? அது ஊர் வேலை. அப்புறம், காரணம்னு ஒரு இடம் விட்டிருக்கான்னா அங்க காரணத்தைத்தானே எழுதணும்?" என்றார்.

ஊர் வேலை என்று அவர் சொன்னது சும்மா இல்லை. கல்லூரியிலிருந்து ஐந்து மைல் தள்ளி, வாய்க்கால் கரையோரம், கூலியாட்கள் குடியிருக்கும் ஒரு தெரு. அந்தத் தெருப் பையன்கள் ஒரு நாடக மன்றம் வைத்திருந்தார்கள். இவர் வாரத்தில் இரண்டு நாள் சைக்கிள் கேரியரில் ஆர்மோனியப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போவார். இவருடைய ஜாதிக்கு அந்தத் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதே பெரிய சங்கதி. இவர் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து அதையும் ஆபீசில் சொல்வார். "நேத்து விரால் மீன் குழம்பு" என்பார். தலைமைக் குமாஸ்தா காதைப் பொத்திக்கொள்வார்.

அவர் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற விதம் வேறு மாதிரி இருக்கும். புதிதாக ஒருவன் வந்தால் பாடச் சொல்லமாட்டார். "வயல்ல நிக்கிற மாட்டைக் கூப்பிடு" என்பார். அவன் கூச்சப்பட்டுக்கொண்டே கூப்பிடுவான். அந்தக் குரலைப் பெட்டியில் தேடிப் பிடித்து, கட்டையை அமுக்கி, "இதான் உன் சுருதி. இனிமே பெட்டிதான் உன்கூட வரும், நீ பெட்டிகூடப் போக வேண்டாம்" என்பார். மேடையில் எவனாவது சுருதி விலகிவிட்டால் வாசிப்பை நிறுத்தமாட்டார். தானும் கூடவே விலகிப் போய், இரண்டு வரிக்குள் அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்துவிடுவார். கேட்கிறவர்களுக்குப் பிசகினது அவன்தானா, பெட்டிதானா என்றே தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது செயலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லூரிக் கமிட்டியின் செயலாளர் பெரிய மிராசுதார். ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலம். ஆட்சி மாறியபோது அவர் தோளில் கிடந்த துண்டின் கரையும் மாறியது. மேடையில் ஏறினால் உழைக்கிறவனைப் பற்றி அடுக்குமொழியில் பேசுவார், கைதட்டல் கூரையைப் பிய்க்கும். அவர் வீட்டு வாசலில் உழைக்கிறவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெயிலில் நிற்பான். கெட்ட வார்த்தை ஒன்று அவர் வாயில் வராது. என் அப்பாவைத் தெரியும் என்பதற்காக எனக்கு வேலை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை. மறக்காததுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

அந்த வருடம் சம்பா அறுப்பில் கூலித் தகராறு வந்தது. கூலியாட்கள் மரக்காலில் அளந்து கொடுக்கிற கூலி நெல்லைக் கொஞ்சம் கூடக் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்று வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். வயலுக்கு வயல் கொடி நட்டார்கள், கொடியைப் பிடுங்கினார்கள். போலீஸ் வேன் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியது. இரண்டு ஊரில் வைக்கோல் போருக்குத் தீ வைத்தார்கள். யார் வைத்தது என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒருவழியாகப் பேச்சுவார்த்தை நடந்து அறுப்பு முடிந்தபோது மாசி பிறந்துவிட்டது.

வருடா வருடம் அறுப்பு முடிந்ததும் களத்தில் நாடகம் போடுவது அந்தத் தெருவின் வழக்கம். இந்த வருடமும் நாள் குறித்தார்கள். தெருவில் கரண்டு கிடையாது. வாடகைக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கு கேட்டுப் போனால் கடைக்காரர், "எல்லாம் ரிப்பேரு" என்றார். அடுத்த ஊர்க் கடையிலும் ரிப்பேர். அதற்கடுத்த ஊரிலும் அதே பதில். யார் சொல்லி ரிப்பேர் ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். பையன்கள் முகம் தொங்கிப்போய் வந்தார்கள்.

மேனேஜர் சொன்னாராம்: "விளக்கு இல்லேன்னா என்னடா? வெயிலை எவனும் வாடகைக்கு விடலையே. மத்தியானம் மூணு மணிக்குத் திரையைத் தூக்கு."

ஆபீசில் எல்லோருக்கும் நோட்டீஸ் கொடுத்தார். போனது நானும் பியூனும்தான். பட்டப்பகலில் நாடகம் பார்த்தது அன்றைக்குத்தான். ராஜா வேஷக்காரனின் அரிதாரம் வியர்வையில் வழிகிறது, ஜரிகைத் துண்டில் இருக்கிற ஓட்டை தெரிகிறது. இருட்டு இருந்தால் நடிக்கிறவனுக்கு ஜனம் தெரியாது. அன்று எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்தது. களத்தின் ஓரத்தில், பூவரச மரத்தடியில், குடையோடு நின்றிருந்த செயலாளரின் காரியக்காரரையும் தெரிந்தது. செயலாளருடைய பண்ணையில் நெல் அளந்து கூலி கொடுக்கிறவர் அவர்தான்.

முருகையன் என்ற பையன் காரியக்காரர் வேஷம் கட்டியிருந்தான். எங்கள் கல்லூரியில் பி.எஸ்.ஸி. கடைசி வருடம். அந்தத் தெருவில் காலேஜ் படியை முதலில் மிதித்தவன். மரக்காலைக் கையில் எடுத்து, கூலி நெல் குறையட்டும் என்று கட்டைவிரலை உள்ளே விட்டுக்கொண்டு, ஒன்றுக்கு லாபம் என்கிற களத்து வழக்கில் "லாபம், ரெண்டு, மூணு" என்று அளந்தான் பாருங்கள், களமே எழுந்து ஆடியது. நிஜக் காரியக்காரர் தன் கட்டைவிரலை மடக்கிக் குடைக்காம்புக்குள் ஒளித்துக்கொண்டார். அதைப் பார்த்த பெண்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நானும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். மேனேஜர் ஆர்மோனியத்தில் அந்தக் கட்டைவிரலுக்கென்று ஒரு சின்ன மெட்டுப் போட்டார், அதற்கு இன்னொரு தடவை சிரித்தோம்.

காரியக்காரர் நாடகம் முடியும் வரை நின்றார். வெளிச்சத்துக்குத்தான் குறைவே இல்லையே, யார் யார் என்ன வேஷம் என்று ஒருவர் விடாமல் பார்த்துவைத்துக்கொண்டு போனார்.

ஆனி மாதம் டி.சி. வாங்கக் கூட்டம் அலைமோதியது. முருகையனும் மனுக் கொடுத்திருந்தான். அவனுக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைக்கும்போல இருந்தது. குறித்த நாளில் காலை பத்து மணிக்குத் தஞ்சாவூரில் நேர்காணல், கையில் டி.சி. இருக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் காலை செயலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரும்மா. அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். பிறகு, "முருகையன்னு ஒரு பையன் டி.சி. கேட்டிருக்கானாமே. அதுல நடத்தைன்னு ஒரு இடம் வருமில்ல, அங்க திருப்திகரமாக இல்லைன்னு எழுதிடும்மா. அவ்வளவுதான்" என்றார்.

"மேனேஜர் சாரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"கேக்கணுமா? உன்னை வேலைக்கு வெச்சது அவரா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார். "இன்னும் உனக்குத் தகுதிகாண் பருவமே முடியலேல்ல?"

இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அதற்குள் ஒரு குறிப்பு எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நான் என் இடத்துக்கு வந்து, பேனாவில் மை நிரப்பி, எழுதினேன். எழுத்து அன்றைக்கு வழக்கத்தை விட அழகாக வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கையைப் பிடிக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒருவன் நடத்தையில் 'திருப்திகரமாக இல்லை' என்று இருந்தால் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவனை உள்ளே விடாது. அரசாங்க வேலையும் கிடையாது. அவன் திரும்பிப் போய் அதே காரியக்காரரிடம் மரக்காலுக்குக் கையேந்த வேண்டியதுதான். எனக்கு இது தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

டி.சி. எல்லாம் மேனேஜர் பார்த்துச் சுருக்கொப்பம் வைத்த பிறகுதான் முதல்வருக்குப் போகும். மத்தியானம் ராகத்தை முணுமுணுத்துக்கொண்டே தாள்களைப் புரட்டியவர் சட்டென்று நிறுத்தினார். மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். புத்தகத்தோடு என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"இது யார் சொல்லி எழுதுனீங்க?"

"செயலாளர் சார்."

"எழுத்துல குடுத்தாரா?"

"இல்ல சார். வாயால சொன்னார்."

"இந்தப் பையன் மேல வகுப்புல ஏதாவது புகார் இருக்கா? அபராதம்? ஆபீஸ்ல உங்ககிட்ட மரியாதையில்லாமப் பேசியிருக்கானா?"

"இல்ல சார்."

"மாசியில நாடகத்துக்கு வந்தீங்களேம்மா. அவன் அளக்கையில சிரிச்சீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

டி.சி. புத்தகத்தில் ஒவ்வொரு தாளுக்கும் அச்சடித்த நம்பர் உண்டு. தவறாக எழுதிவிட்டால் கிழிக்கக் கூடாது. சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, புத்தகத்திலேயே விட்டுவிட வேண்டும். அதற்காக மேனேஜர் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்துவைத்திருந்தார். அதில் மூன்று வரி: எழுதியவர், ரத்து செய்தவர், ரத்துக்கான காரணம். பெரும்பாலும் காரணம் 'எழுத்துப் பிழை' என்றோ 'மை கொட்டியது' என்றோ இருக்கும்.

அவர் கோடு போட்டார். ஸ்டாம்பை அழுத்தினார். ரத்து செய்தவர் என்ற இடத்தில் தன் சுருக்கொப்பத்தை வைத்தார். காரணம் என்ற இடத்தில் நிதானமாக 'எழுதியது பொய்' என்று எழுதினார். அப்புறம் பேனாவை என்னிடம் நீட்டினார். எழுதியவர் என்ற இடம் காலியாக இருந்தது.

நான் பேனாவை வாங்கவில்லை. அழுகை முட்டியது. "சார், தகுதிகாண் பருவம் சார். அம்மா... தங்கச்சிங்க..." என்று ஏதோ உளறினேன்.

அவர் பேனாவைத் திரும்பத் தன் பக்கம் எடுத்துக்கொண்டார். லீவு லெட்டரில் கூட ஒரு பொய்யை எழுதாத மனிதர். பிறகு குனிந்து, எழுதியவர் என்ற இடத்திலும் தன் சுருக்கொப்பத்தையே வைத்தார். "போங்க. போயி மொகத்தைக் கழுவிட்டு வாங்க" என்றார்.

நான் போய் முகத்தைக் கழுவினேன். வேண்டாம் சார், நானே போடுகிறேன் என்று சொல்ல அந்தக் குழாயடியிலிருந்து இருபது அடிதான். நான் சொல்லவில்லை.

அடுத்த தாளில் அவரே தன் கையால் புதிதாக எழுதி, புத்தகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டையில் தன் முழுப் பெயரையும் போட்டார். நடத்தை: நன்று. அதை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார். நான் மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"செயலாளர் ஏதோ சொன்னாராமே?" என்றார் முதல்வர்.

"எழுத்துல ஒண்ணும் வரலீங்க சார். வந்தா கோப்புல சேர்த்துக்கறேன்" என்றார் மேனேஜர். முதல்வர் நல்ல மனிதர், பயந்தவர். எழுத்தில் வராத ஒன்றை மீறினதாக யாரும் தன் மேல் குற்றம் சொல்ல முடியாது என்று அவருக்கு விளங்கியது. கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்கு முருகையன் டி.சி.யை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். உள்ளே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். யாராவது வாயால் ஒரு காரியம் சொன்னால், 'தாங்கள் சொன்னபடி செய்யவா' என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி அவர் மேஜைக்கு அனுப்பிவிடுங்கள். நியாயமான உத்தரவு என்றால் கையெழுத்தோடு திரும்பி வரும். மற்றது வரவே வராது. என் சர்வீஸ் முழுக்க இது ஒருதடவை கூடத் தப்பியதில்லை. அன்று எனக்கு இது தெரியாது என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். அவர் அப்படிச் செய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு வாரத்தில் விஷயம் செயலாளர் காதுக்குப் போய்விட்டது. கமிட்டி கூடியது. புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுபோனது நான். மேஜையில் வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். மேனேஜருக்கு நாற்காலி போடவில்லை. அவரும் நின்றார்.

"எழுதினது யாரு?" என்று கேட்டார் கமிட்டிக்காரர் ஒருவர்.

"சுருக்கொப்பம் இருக்கேங்க. நான்தான்."

"நீங்களே எழுதுவீங்க, நீங்களே பொய்யின்னும் எழுதுவீங்களா?"

"பொய்யின்னு தெரிஞ்சா அப்படித்தாங்க எழுதணும்."

செயலாளர் குரலை உயர்த்தவில்லை. "எதுக்குங்க வீணா? ரிட்டையர் ஆக அஞ்சு மாசம்தான் இருக்கு. காரணம்ங்கற இடத்துல எழுத்துப் பிழைன்னு மாத்திடுங்க. இதோட விட்டுடலாம். நல்லபடியா மாலை மரியாதையோட அனுப்பி வைக்கிறோம்" என்றார்.

மேனேஜர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, என் எழுத்தை ஒரு தடவை வாசித்தார். "எழுத்துல பிழையே இல்லீங்களே. முத்து முத்தா இருக்கு. சொன்ன சேதிதான் பொய்" என்றார்.

அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் அது யார் கையெழுத்து என்று தெரியும். செயலாளருக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைச் சொன்னால், என்னை எழுதச் சொன்னது யார் என்ற கேள்வி வரும். அதனால் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மேனேஜர் என் பக்கம் திரும்பவே இல்லை. பதிவேட்டைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்காகக் கண்டனம் என்று அவருடைய பணிப் புத்தகத்தில் எழுதினார்கள்.

ஐந்து மாதம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசாரம் கூடாது என்று வாய்மொழி உத்தரவு. மாலை இல்லை, போட்டோ இல்லை, ஒரு டம்ளர் காப்பி இல்லை. மாலை ஐந்து மணிக்குச் சைக்கிளை எடுத்தார். கேட்டுக்கு வெளியே அந்தத் தெருவிலிருந்து இருபது முப்பது பேர் மேளத்தோடு வந்து நின்றிருந்தார்கள். அவர் முன்னால் போக, பின்னால் மேளம் கொட்டிக்கொண்டு கல்லூரி மதில் நீளத்துக்கும் போனார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் வரை போக எனக்கு யோக்கியதை இருப்பதாகத் தோன்றவில்லை.

வருடங்கள் ஓடின. வேலை நிரந்தரமாயிற்று, தங்கைகளுக்குக் கல்யாணம் ஆயிற்று, சீட் மாறி சீட் மாறி, ஒருநாள் அந்த மேனேஜர் நாற்காலியில் என்னையே உட்காரச் சொன்னார்கள். பீரோச் சாவி கைக்கு வந்தது. எல்லோரும் ஸ்வீட் கேட்டார்கள். வாங்கிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பழைய டி.சி. புத்தகத்தை எடுத்தேன்.

சிவப்புக் கோடு மங்கியிருந்தது. எழுதியவர் என்ற இடத்தில் அவருடைய சுருக்கொப்பம். பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் ஒரு பதிவேட்டில் எழுதிய பொய் அது ஒன்றுதான். அதுவும் எனக்காக எழுதியது. நான் அந்தச் சுருக்கொப்பத்தை அடிக்கவில்லை. அதன் பக்கத்தில், 'இத்தாளை எழுதியவர் நான். செயலாளரின் வாய்மொழி உத்தரவுப்படி எழுதினேன். அன்று பயந்து சொல்லவில்லை' என்று எழுதி, முழுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைத் தேடிப் போனேன். வீட்டில் இல்லை, களத்தில் இருக்கிறார் என்றார்கள். பட்டப்பகல். நாடக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. தெருவுக்குக் கரண்டு வந்து வருஷக்கணக்கில் ஆகியும், நாடகத்தை மூணு மணிக்கே போடுவதென்று அவர்கள் வழக்கமாக்கிக்கொண்டிருந்தார்கள். முருகையன் ஹைஸ்கூல் வாத்தியாராகித் தலை நரைக்க ஆரம்பித்திருந்தான். அப்போதும் காரியக்காரர் வேஷம் அவனுக்குத்தான். மேனேஜருக்குப் பார்வை மங்கியிருந்தது. பெட்டியில் விரல்கள் மட்டும் பழையபடி ஓடின.

என் குரலைக் கேட்டதுமே கண்டுபிடித்துவிட்டார். "வாங்கம்மா" என்றார். நான் செய்ததைச் சொன்னேன். பாராட்டுவார், அல்லது எதற்கம்மா இதெல்லாம் என்பார் என்று நினைத்தேன்.

"ரத்தான தாள்ல அப்புறமா கை வைக்கலாமா?" என்று கோபமாகக் கேட்டார். "தேதி போட்டீங்களா?"

"போட்டேன் சார். இப்ப எழுதின தேதியைத்தான் போட்டேன்."

"அப்ப சரி" என்றார். இரண்டு கட்டைகளைச் சும்மா அமுக்கிப் பார்த்தார். "எனக்கும் அது ஒண்ணுதாம்மா உறுத்திக்கிட்டே கிடந்துச்சு" என்றார். பிறகு முருகையனைப் பார்த்து, "என்னடா நிக்கிற? அளக்கத் தொடங்கு" என்றார்.

அவர் இறந்தும் பல வருடம் ஆகிறது. நான் பதிவேட்டைத் திருத்தியது குற்றம் என்றால், ஒப்புக்கொள்கிறேன், என் பென்ஷனை நிறுத்தட்டும். எனக்குத் தகுதிகாண் பருவம் முடிந்து ரொம்ப நாளாகிவிட்டது.

இப்போது உங்களுக்கு. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, பழைய புத்தகங்களை எடைக்குப் போடப் போகிறோம் என்று நீங்கள் பேச்சுவாக்கில் சொன்னீர்கள். பதிவேட்டு அறையில் ஜன்னலோர இரும்பு பீரோ, கீழ்த்தட்டு, காலிகோ துணி பைண்டு போட்ட டி.சி. புத்தகம். அதை மட்டும் எவனையும் தொட விடாதீர்கள். தொடச் சொல்லி யாராவது வாயால் உத்தரவு போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தத் தாளைத் திறந்து பாருங்கள். அவருடைய சுருக்கொப்பம் இரண்டு இடத்தில் இருக்கிறது. அடுத்த தாளின் அடிக்கட்டையில் முழுப் பெயரும் இருக்கிறது.

அந்தப் பெயரை மலரில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். திருத்தம் என்று ஒரு சீட்டு அடித்து உள்ளே ஒட்டுவார்கள், விட்டுப்போனதற்குக் காரணம் என்ன போடலாம் என்று உங்களிடம்தான் கேட்பார்கள். அச்சுப் பிழை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.